ஈரப்பாறையில் இல்லாத பெரணி

எங்க அக்கா புருஷன் பேர்ல ஒரு செடி இருக்கு. கேட்டதும் சிரிக்கத் தோணும். நானும் சிரிச்சவதான். தெருவுக்குப் பேர் வைப்பாங்க, பாலத்துக்குப் பேர் வைப்பாங்க, மிஞ்சிப்போனா ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைப்பாங்க. ஜீப் ஓட்டுற மனுஷன் பேரை எவனாவது செடிக்கு வைப்பானா? வெச்சாங்க. அதுவும் பூச்செடி, பழச்செடி இல்ல. விரல் நீளத்துக்கு ஒரு பெரணி. பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்தா அடியில பழுப்பா கோடு கோடா ஒரு தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூள் பறந்துபோய் விழுற இடத்துலதான் அடுத்த பெரணி.

மாமா அதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுசை ஓட்டிட்டாரு. முடிவெட்டுற கடையில சொல்லுவாரு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட சொல்லுவாரு. என் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு குடுக்க வர்ற பொம்பளைங்களைக்கூட விட்டது இல்ல. அளவெடுக்க நிக்கிறவ கையைத் தூக்கிக்கிட்டு நிக்க, இவரு வாசல்ல நின்னுக்கிட்டு பெரணி கதையை அளப்பாரு. நான் வாயாடி. பேரே அதுதான், மாமா வெச்சது. "மாமா, செடிக்கு உங்க பேரு இருக்கட்டும், உங்களுக்கு வெக்கம் இருக்கட்டும், மேல போங்க"ன்னு விரட்டுவேன். அவரு அசர மாட்டாரு. கீழ என் கடையும் என் அறையும், மேல அக்காவும் மாமாவும். ஒரே படிக்கட்டு. தப்பிக்க வழியே கிடையாது.

மாமா வேலை பார்த்தது செடி ஆபீஸ்ல. அதுக்கு ஹெர்பேரியம்னு பெரிய பேரு ஒண்ணு இருக்கு, எங்க வீட்டுல செடி ஆபீஸ்னாதான் புரியும். அங்க உயிரோட ஒரு செடி கிடையாது. அத்தனையும் காய வெச்சு, தடித்தாள்ல ஒட்டி, இரும்பு பீரோவுல அடுக்கியிருக்கும். உள்ள போனாலே பூச்சி மருந்து வாசனை மூக்கைப் பிடிக்கும். ஒவ்வொரு தாளோட மூலையிலயும் ஒரு சீட்டு ஒட்டி, என்ன செடி, எங்க கிடைச்சது, யார் பறிச்சதுன்னு எழுதியிருக்கும். ஒரு தடவை மாமா என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. எனக்கு அது துணிக்கடை மாதிரித்தான் பட்டுச்சு. இழுக்க இழுக்க வந்துக்கிட்டே இருந்துச்சு.

அங்க ஒரு பெரியவர் இருந்தாரு. பெரணின்னா அவருக்கு உசுரு. அதுலயும் கல்லிடுக்கு, சுவத்து வெடிப்புன்னு ஒண்டிக்கிட்டு வளர்ற பொடிப் பெரணிங்க மேலதான் அவருக்குக் கண்ணு. அந்தக் கூட்டத்துக்கு அஸ்பிளீனியம்னு பேரு. காம்பு தலைமுடி மாதிரி கறுப்பா மெல்லிசா இருக்கும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள கண்ணு ரெண்டும் வெளிய வந்துரும்னு மாமா சொல்லுவாரு. பெரியவர் மலைக்குப் போகும்போதெல்லாம் மாமாதான் ஜீப் ஓட்டுவாரு. ஓட்டுறது மட்டுமா? கயிறு பிடிக்கிறது, பாறையில ஏறுறது, எட்டாததைப் பறிச்சுக் குடுக்கிறது, கட்டுக் கட்டுறது எல்லாம் இவரு தலையிலதான்.

அந்தக் கட்டு வேலையைச் சொல்லணும், இல்லாட்டி இந்தக் கதை புரியாது. பறிச்ச செடியைப் பழைய செய்தித்தாளுக்குள்ள விரிச்சு வைக்கணும். அந்தத் தாள் மூலையில ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர்தான் அந்தச் செடிக்கு அடையாளம். பெரியவர் காலையிலயே ஜீப்புல உட்கார்ந்து அன்னிக்கு வேண்டிய தாள்ல எல்லாம் வரிசையா நம்பர் போட்டு வெச்சுருவாரு. பாறை மேல நின்னுக்கிட்டுப் பேனாவைத் தேட முடியாதுல்ல. அப்படி நம்பர் போட்ட தாளுங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேலயும் கீழயும் மரச்சட்டம் வெச்சு, பட்டை போட்டு இறுக்கிக் கட்டணும். இறுக்கம் சரியா இல்லன்னா இலை சுருண்டு அப்பளமா போயிரும். திரும்பி வர்ற வழியில மலையடிவாரத்துல ஒரு பெட்ரோல் பங்க் இருந்துச்சு. அங்க கூரைக்குக் கீழ நிறுத்தி, செடித்தாளுக்கு நடுவுல ஈரம் உறிஞ்ச வெச்ச வெறுந்தாளை மாத்தி, கட்டை மறுபடி இறுக்கிட்டுத்தான் ஊருக்கு வருவாங்க.

அப்படி ஒரு தடவை நல்ல மழையில போயிட்டு வந்தாங்க. கடைசியா ஏறின இடம் ஒரு ஈரப்பாறை. தண்ணி வழிஞ்சுக்கிட்டே இருக்குமாம். அங்க மாமா கைக்குக் கிடைச்ச பொடிப் பெரணியை எல்லாம் அள்ளிப் பெரியவர்கிட்ட குடுத்திருக்காரு. அப்புறம் செடியெல்லாம் காய்ஞ்சு, ஆபீஸ்ல ஒவ்வொரு தாளா பிரிக்கும்போது, அன்னிக்குக் கடைசி நம்பர் போட்ட தாளுக்குள்ள ஒரு பெரணி இருந்துச்சாம். பெரியவர் அதைப் பார்த்தது பார்த்தபடி உட்கார்ந்துட்டாராம். அந்தக் கூட்டத்துல அவருக்குத் தெரிஞ்ச எதோடயும் அது சேரல. மாமாவைக் கூப்பிட்டு, இது நீ அந்த ஈரப்பாறையில பறிச்சுக் குடுத்தது தானேன்னு கேட்டாரு. மாமா ஆமாங்கய்யான்னு சொன்னாரு. பெரியவர் எது கேட்டாலும் மாமா ஆமாங்கய்யாதான். ஆனா இது பொய்யும் இல்ல, பாறையில பறிச்சுக் குடுத்தாரு தானே.

பெரியவர் புத்தகம் புத்தகமா புரட்டி, கடிதாசி போட்டு விசாரிச்சு, கடைசியில இது புதுசுன்னு முடிவு பண்ணி ஒரு பத்திரிகையில எழுதினாரு. செடிக்குப் பேர் வைக்கிற முறை எப்படின்னா, முதல்ல கூட்டத்தோட பேரு, அப்புறம் அதோட சொந்தப் பேரு. சொந்தப் பேருக்கு மாமாவோட பேரை எடுத்து, பின்னால ஒரு இங்கிலீஷ் 'ஐ'யை ஒட்டவெச்சு எழுதினாரு. அப்படி எழுதினா இன்னாருடையதுன்னு அர்த்தமாம். அந்த ஒரு தாள்தான் அந்தப் பேருக்கே ஆதாரம். நாளைக்கு எவனுக்காவது சந்தேகம் வந்தா, அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்க்கணும். அதனால அதைச் சிவப்பு உறைக்குள்ள போட்டுத் தனியா வெச்சாங்க. மாமாவுக்குத் தலைகால் புரியல. எங்க அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் வயித்தெரிச்சல். "பொண்டாட்டி பேரை வைக்கச் சொல்லணும்னு இவருக்குத் தோணிச்சா பாரு"ன்னு என்கிட்ட பொருமினா.

பெரியவர் காலமாயிட்டாரு. மாமாவும் ரிடையர் ஆயிட்டாரு. ஆனா பழக்கம் போகல. சுவத்தைக் கண்டா நிப்பாரு. வெடிப்புக்குள்ள எட்டிப் பார்ப்பாரு. அக்கா பல் டாக்டர் கிளினிக்குல டோக்கன் குடுக்கிற வேலை பார்க்கிறா. அவளைக் கொண்டுபோய் விடுறேன்னு கிளம்பினாருன்னா, வழியில நாலு சுவத்தைப் பார்த்துட்டு அவளை லேட் பண்ணிட்டுத்தான் விடுவாரு. சாக்கடைப் பக்கத்துல குனிஞ்சு நிக்கிற மனுஷனைப் பார்த்துட்டு என்ன தொலைச்சீங்கன்னு கேட்டவங்க உண்டு. அவங்களுக்கும் பெரணி கதைதான்.

இப்படிப் போயிட்டு இருந்தப்பதான் அந்தப் பொண்ணு வந்துச்சு. செடி ஆபீஸ்ல பெரியவர் இடத்துக்கு வந்திருக்கிற பொண்ணு. கழுத்துல எந்நேரமும் ஒரு சின்ன லென்ஸ் கயிறு கட்டித் தொங்கும். நான் லென்ஸுன்னே கூப்பிட ஆரம்பிச்சேன், அதுவும் கோவிச்சுக்கல. என் கடையிலதான் வந்து உட்கார்ந்துச்சு. மாமாவைப் பார்த்ததும் எழுந்து நின்னு சார்னு சொல்லுச்சு. மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

விஷயம் என்னன்னா, மாமா பேர் வெச்ச பெரணியை அந்த ஒரு தடவைக்கு அப்புறம் யாருமே பார்க்கலயாம். பெரியவரே திரும்பித் திரும்பிப் போய்த் தேடியிருக்காரு. அவருக்கு அப்புறமும் ஆளுங்க தேடியிருக்காங்க. கிடைக்கல. இப்போ அழிஞ்சுபோன செடிங்களைப் பத்தி ஒரு புத்தகம் தயார் பண்றாங்க, அதுல இதைச் சேர்க்கலாமான்னு பேச்சு. ஆனா ஆபீஸ்ல சில பேருக்கு வேற சந்தேகம். இப்படி ஒரு பெரணி அந்த மலையில நிஜமாவே இருந்துச்சா, இல்ல பெரியவரும் டிரைவரும் ஏதோ குழப்பிக்கிட்டாங்களான்னு. லென்ஸு இதைச் சுத்தி வளைச்சு மெதுவாத்தான் சொல்லுச்சு. ஆனா மாமா முகத்துல ஈயாடல.

அவருக்கு என்ன போச்சுன்னு எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சது. அந்த மனுஷன் பெருசா எதுவும் சேர்த்து வைக்கல. படிப்பு இல்ல, பட்டம் இல்ல. இருக்கிறது இந்த ஒரு பேரு. அதையும் பெரியவர் கையால வாங்கினது. அது குழப்பம்னு ஆயிட்டா இவரு பொய்யரு, பெரியவர் ஏமாளி. இத்தனை வருஷம் நான் கிண்டல் பண்ணினது எல்லாம் நிஜமாயிரும்.

லென்ஸு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். பறிக்கப் போனவங்கள்ல உயிரோட இருக்கிறது நீங்க மட்டும்தான், ஒரு தடவை கூட வந்து இடத்தைக் காட்டுங்க சார்னு. மாமா அப்பவே செருப்பை மாட்டிட்டாரு. அக்காவுக்கு லீவு கிடைக்கல. இவரைத் தனியா மலை ஏறவிட முடியாதுன்னு என்னைத் துணைக்கு அனுப்பினா. நானும் கடையைப் பூட்டிட்டுக் கிளம்பினேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்தப் பாறையைப் பார்க்கணும்னு ஆசை வந்துருச்சு.

ஜீப்புல மாமா முன் சீட்டு. புது டிரைவர் ஒவ்வொரு தடவை கியர் மாத்தும்போதும் இவரு இடது கால் தானா மிதிக்கும். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல, ஆனா மூச்சு விடுறதுலயே அந்தப் பையனைத் திட்டிக்கிட்டு வந்தாரு. ஈரப்பாறை அப்படியேதான் இருந்துச்சு. தண்ணி வழியுது, பாசி பச்சைப் பசேல்னு இருக்கு, இடுக்குல எல்லாம் பெரணி. மாமா கண்ணு பளபளன்னு ஆயிருச்சு. ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டினாரு. லென்ஸு இலையைத் திருப்பி, கண்ணுல லென்ஸை ஒட்டிப் பார்த்து, இது வேற சார்னு சொல்லும். அடுத்தது. இதுவும் வேற சார். மாமா இன்னும் மேல ஏறினாரு. நான் கீழ இருந்து கத்துறேன், காதுல வாங்கினாத்தானே. பாறையோட அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அடியில, பொந்துல, எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே பேர் தெரிஞ்ச பெரணிங்க. இவரு பேர் வெச்சது மட்டும் இல்ல.

திரும்பி வரும்போது லென்ஸு ஒரு இடத்துல மெதுவா, உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா சார்னு கேட்டுச்சு. மாமா ஆமாம்மான்னு சொன்னாரு. ஆனா அந்த ஆமாவுல பழைய தெம்பு இல்ல.

அதுக்கப்புறம் வீட்டுல மனுஷன் மனுஷனாவே இல்ல. சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. முடிவெட்டப் போறதையே நிறுத்திட்டாரு, தாடி வளர்ந்து பரதேசிக் கோலம். அக்கா ஒரு பிடி பிடிச்சும் பார்த்தா. நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். செடிதானே மாமா, வெயில் ஏறிப்போச்சு, மழை குறைஞ்சுபோச்சு, செத்துப்போயிருக்கும்னேன். அவரு இல்லன்னு தலையாட்டினாரு. பக்கத்துல இருந்த அத்தனை பெரணியும் நல்லா இருக்கும்போது இது மட்டும் எப்படிச் சாகும், ஏதோ ஒண்ணு இடிக்குதுன்னாரு. அழறாருன்னு நினைச்சேன். இல்ல. யோசிச்சுக்கிட்டு இருந்திருக்காரு.

ஒரு மத்தியானம் கடையில கூட்டம் இல்லாத நேரமா பார்த்து இறங்கி வந்தாரு. கையில ஒரு கத்தைப் பழைய செய்தித்தாளு, என் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில போடுற பலகை ரெண்டு, அக்காவோட பழைய பெட்டியில இருந்து உருவின பட்டை. என் வெட்டு மேசையைக் காலி பண்ணச் சொன்னாரு. என்ன மாமா, தையல் கத்துக்கப் போறீங்களான்னு கேட்டேன். அன்னிக்குக் கட்டின கட்டை இப்போ மறுபடி கட்டப்போறேன்னாரு. மூளை மறந்திருக்கும், கை மறந்திருக்காதுன்னாரு.

எனக்கும் ஆர்வம் தாங்கல. மேசையைத் துடைச்சுக் குடுத்தேன். எதுத்த வீட்டுத் தொட்டியில இருந்து இலை, குச்சி, வேர் எல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாமா ஒவ்வொரு தாளா விரிச்சாரு. இதுல ஒரு கிழங்கு, வேரோட. இதுல ஒரு கொடி. இதுல பாறைப் பெரணி. வாயால சொல்லிக்கிட்டே வெச்சாரு. எந்தச் செடி எத்தனாவதுன்னு அவருக்குத் தெரியல, ஆனா கை நிக்காம போயிட்டே இருந்துச்சு. அடுக்கி முடிச்சுப் பலகையை வெச்சு அழுத்தினா, கட்டு ஒரு பக்கம் சாயுது. கிழங்கு இருக்கிற பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது, அந்தப் பக்கம் பள்ளம். பள்ளத்துல இருக்கிற இலையெல்லாம் அழுத்தம் இல்லாம சுருண்டுரும், அப்போ முட்டு குடுக்கணும்னாரு. எதால முட்டு குடுப்பீங்கன்னு கேட்டேன். காகிதத்தை மடிச்சு வைப்போம், காகிதம் தீர்ந்துபோச்சுன்னா மெத்துன்னு எது கிடைச்சாலும் சரின்னு சொல்லிக்கிட்டே கையை நீட்டினாரு. பக்கத்துல இருந்த என் துண்டுத்துணிக் கூடையில இருந்து ஒரு கை அள்ளி, ஒரு வெறுந்தாளுக்குள்ள பரப்பி, பள்ளத்துல சொருகினாரு.

சொருகின கை அங்கேயே நின்னுபோச்சு. பேயறைஞ்ச மாதிரி என்னைப் பார்த்தாரு. நான் பயந்தே போயிட்டேன், நெஞ்சுவலியோன்னு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாயாடி, அது பாறையில பறிச்சது இல்ல," அப்படின்னாரு. "நான் முட்டு குடுத்தது."

அப்புறம் கோர்வையா சொன்னாரு. அன்னிக்குப் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி நனைஞ்ச தாளை மாத்தும்போது காகிதம் தீர்ந்துபோச்சு. கட்டு சாஞ்சு நின்னுச்சு. பெரியவர் உள்ள டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. பங்குக்குப் பின்னால ஒரு தண்ணித் தொட்டி, சுவரு கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதோட வெடிப்புல மெத்துன்னு என்னமோ முளைச்சிருந்துச்சு. ஒரு கை பிடுங்கி, நம்பர் போட்டுச் செடி இல்லாம மிஞ்சியிருந்த ஒரு தாளுக்குள்ள பரப்பிச் சொருகி, கட்டை இறுக்கிட்டாரு. ஊருக்கு வந்ததும் எடுத்துப் போட்டுரணும்னு நினைச்சவரு, மழையில மறந்தே போயிட்டாரு. அந்தத் தாள்ல இருந்த நம்பர்தான் அன்னிக்குக் கடைசி நம்பர். பெரியவர் பிரிச்சுப் பார்த்தாரு, கேட்டாரு, இவரு ஆமாங்கய்யான்னுட்டாரு.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அத்தனை பேரு மலையைச் சல்லடை போட்டுத் தேடினது எதைன்னு நினைச்சா, பங்க் தொட்டியில முளைச்ச பெரணியை. ஆனா மாமா மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போச்சு. நான் சட்டுன்னு சொன்னேன், இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு. வாயை மூடிக்கிட்டு இருந்தா அது மலையில அழிஞ்சுபோன அபூர்வச் செடி. காலத்துக்கும் உங்க பேரு புத்தகத்துல இருக்கும், எவனும் தொட மாட்டான். வாயைத் திறந்தா ஊரே சிரிக்கும், பெரியவரையும் சேர்த்துச் சிரிக்கும். நல்லதுக்குத்தான் சொன்னேன். இப்பவும் அதுல எனக்கு வருத்தம் இல்ல.

மாமா துண்டுத்துணியை ஒவ்வொண்ணா எடுத்து என் கூடையில போட்டாரு.

"என் பேரு நிக்கணும்னா அந்தச் செடி செத்திருக்கணும்னு இருக்கு. அது நல்லாவா இருக்கு?" அப்படின்னு கேட்டாரு.

வாயாடிக்கு வாய் அடைச்சுப்போச்சுன்னு அக்கா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.

மறுநாள் காலையில என் ஸ்கூட்டர்ல பின்னால உட்கார்ந்துக்கிட்டாரு. பங்க் அடையாளமே தெரியல, கண்ணாடியும் விளக்குமா மாறிப்போயிருந்துச்சு. மாமா கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி நின்னாரு. பின்னால போய்ப் பார்த்தா தொட்டி இருக்கு. இப்போ அதுல வண்டிக்குப் பஞ்சர் பார்க்கிறவன் டியூப்பை முக்கிக்கிட்டு இருந்தான். சுவரு இன்னும் கசிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. வெடிப்பு முழுக்கக் கறுப்புக் காம்போட கொத்துக் கொத்தா பெரணி. தொட்டி மேல மாமா காலத்துலயே அழகுக்கு வெச்ச பூந்தொட்டிங்க ஒரு வரிசை, ஓரம் உடைஞ்சு, பாதியில செடியே இல்ல. மாமா முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு இலையை மட்டும் மெல்லத் திருப்பினாரு. அடியில பழுப்புக் கோடு.

பஞ்சர்காரன் என்ன சார் தொலைச்சீங்கன்னு கேட்டான். மாமா பெரணி கதையைச் சொல்லல. அதுவே எனக்குப் பெரிய அதிசயமா இருந்துச்சு.

லென்ஸுக்கு போன் போட்டோம். அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்துச்சு. மாமா நடந்ததை ஒண்ணு விடாம சொன்னாரு, ஆமாங்கய்யான்னு சொன்னது வரைக்கும். அந்தப் பொண்ணு சிரிக்கல. சிரிச்சிருந்தா நான் அங்கயே ஒரு வழி பண்ணியிருப்பேன். ஈரத்தரையில மண்டிபோட்டு லென்ஸை வெச்சுப் பார்த்துட்டு, அது தானே சார், அதே தான் சார்னு திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. ஆனா எழுந்திருக்கும்போது முகம் வாடியிருந்துச்சு. மேல இருந்த பூந்தொட்டிங்களைக் காட்டி ஒரு சந்தேகம் சொல்லுச்சு. இது நம்ம மலைப் பெரணியாவே இல்லாம இருக்கலாம். தூர தேசத்துப் பெரணி ஏதாவது அழகுச்செடித் தொட்டி மண்ணோட வந்து, தூள் பறந்து சுவத்துல முளைச்சிருக்கலாம். அப்படின்னா அதுக்கு அந்த தேசத்துல ஏற்கனவே ஒரு பேரு இருக்கும். ஒரே செடிக்கு ரெண்டு பேரு இருந்தா, எது முதல்ல வெச்சதோ அதுதான் செல்லும்.

"பார்த்துருங்கம்மா," அப்படின்னாரு மாமா.

அதுக்கு ரொம்ப நாள் பிடிச்சுச்சு. அந்த தேசத்துத் தாளுங்களோட ஒப்பிடணும், பெரணி படிச்சவங்ககிட்ட கேக்கணும். மாமா இதுக்கு நடுவுல தாடியை எடுத்துட்டாரு, சாப்பாடும் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சாரு. எனக்குத்தான் தூக்கம் கெட்டுப்போச்சு. கிண்டல் பண்ணினவளுக்கு அந்தப் பேரு மேல இவ்வளவு ஆசை இருக்கும்னு எனக்கே தெரியாது. அந்தப் பேரு போயிறக்கூடாதுன்னு மனசு அடிச்சுக்கிச்சு.

போயிருச்சு. லென்ஸு நேர்லயே வந்து சொல்லுச்சு. அதே செடிக்கு, நம்ம பெரியவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே, வேற ஒரு தேசத்துல யாரோ பேர் வெச்சிருக்காங்க. அங்க அது சாதாரணமா எல்லா இடத்துலயும் முளைக்குமாம். பெரியவர்கிட்ட அந்த தேசத்துத் தாளுங்க இல்ல, அதோட மலைச்செடின்னு நினைச்சுத் தேடினதால அந்தப் பக்கம் அவரு பார்க்கவே இல்ல. லென்ஸுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. நான் டீ போடுற சாக்குல உள்ள போயிட்டேன். மாமா மட்டும் அந்தப் பழைய பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டாரு. சுவத்துல இருக்கிறதுன்னு அர்த்தம் சார்னு லென்ஸு சொல்லுச்சு.

மாமா வாய்விட்டுச் சிரிச்சாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "அந்த மனுஷன் செடியைப் பார்த்துப் பேர் வெச்சிருக்காரு. எங்க பெரியவர் என்னைப் பார்த்துப் பேர் வெச்சுட்டாரு," அப்படின்னாரு.

சிரிச்சு முடிச்சுட்டு, அந்தத் தாளை ஒரு தடவை பார்க்கணும்னு கேட்டாரு. நாங்க மூணு பேருமே போனோம், அக்காவும் லீவு போட்டுட்டு வந்தா. லென்ஸு சிவப்பு உறையை எடுத்துப் பிரிச்சுச்சு. விரல் நீளப் பெரணி, பழுப்பேறி, காம்பு மட்டும் இன்னும் கறுப்பா. கீழ பெரியவர் கையெழுத்துல சீட்டு, அதுல மாமா பேரு. அதுக்குப் பக்கத்துல லென்ஸு புதுசா ஒட்டின சீட்டு, அதுல அந்த தேசத்துப் பழைய பேரு. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே, இவரு பேரு இருக்கிற சீட்டைக் கிழிக்கலயான்னு கேட்டா. கிழிக்கிற வழக்கமே இங்க இல்லையாம். ஒரு தடவை ஒட்டின சீட்டைத் தப்புன்னாலும் எடுக்க மாட்டாங்க. சரியானதை இன்னொரு சீட்டுல எழுதி, யாரு எழுதினதுன்னு பேரும் போட்டு, பக்கத்துல ஒட்டுவாங்க. மாமா பேரு இனிமே செல்லாது, ஆனா அங்கதான் இருக்கும்.

மாமா அதைக் காதுல வாங்கின மாதிரியே தெரியல. அவரு பார்த்துக்கிட்டு இருந்தது பெரியவர் சீட்டுல ஈரப்பாறைன்னு எழுதியிருந்த வரியை. செடி பேரைத் திருத்தினீங்க, இடத்தை அப்படியே விட்டுட்டீங்களேம்மான்னாரு. அதைத் திருத்துற சீட்டு நீங்கதான் எழுதணும்னு நினைச்சேன் சார், பறிச்சவர் நீங்க தானேன்னு சொல்லிட்டு லென்ஸு ஒரு வெள்ளைச் சீட்டையும் பேனாவையும் வெச்சுச்சு.

மாமா சட்டையில கையைத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்தாரு. எழுதிப் பழக்கம் இல்லாத கை, ஒவ்வொரு எழுத்துக்கும் நின்னுச்சு. மலையில் பறித்தது அல்ல. மலையடிவாரப் பெட்ரோல் பங்கின் தண்ணீர்த் தொட்டிச் சுவரில், கட்டுக்கு முட்டுக் கொடுக்கப் பறித்தது. இவ்வளவு எழுதிட்டு நிமிர்ந்து, யாரோட தப்புன்னு எழுதணுமாம்மான்னு கேட்டாரு. அதெல்லாம் யாரும் எழுதுறது இல்ல சார், வேண்டாம்னு லென்ஸு சொல்லுச்சு.

"எழுதலன்னா பெரியவர் தப்புன்னு நினைச்சுருவாங்கம்மா," அப்படின்னுட்டு, அதுக்குக் கீழயே எழுதினாரு: தவறு என்னுடையது. தன் பேரை எழுதி, பக்கத்துல டிரைவர்னு போட்டாரு.

லென்ஸு பசை தடவிக் குடுத்துச்சு. மாமா அதைப் பெரியவர் சீட்டுக்கு அடுத்தாப்புல வெச்சு, பசை பிடிக்கிற வரைக்கும் விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.